ஜூதிகாவின் வீட்டுக்காரன்

எனக்கு ஊசி என்றால் பயம். பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த அன்று மயங்கி விழுந்து, நர்ஸ் மேசையிலிருந்த பிஸ்கட்டை எல்லாம் தின்றுவிட்டுத்தான் எழுந்தேன். மிட்டாய்க் கடையில் எடை போடுகிற, தொந்தி பெருத்த இந்தப் பவதோஷுக்கு எச்.ஐ.வி. என்றபோது எனக்கே சிரிப்பு வந்தது.

தினமும் ஒரு மாத்திரை. விடாமல் போட்டால் சில மாதங்களில் கிருமி அடங்கிவிடும், பிறகு யாருக்கும் தொற்றாது, அதுவரை ஆணுறை கட்டாயம் என்றார் டாக்டர். நல்ல மாணவனைப் போலத் தலையாட்டினேன்.

லாபண்யா அக்கா, தொழில் செய்கிற பெண்களுக்கான உங்கள் சங்கம் கேட்டதால் சொல்கிறேன். ஜூதிகா உறையில்லாமல் எந்த வாடிக்கையாளரையும் கட்டிலில் சேர்த்ததில்லை. முரண்டு பிடித்தவனைச் செருப்பால் அடித்துப் படியிறக்கியிருக்கிறாள். ஆனால் நான் அவள் வகிட்டில் குங்குமம் வைத்த பாபு. ஏழு வருடமாக ஞாயிறுதோறும் மீனோடு வருகிற வீட்டுக்காரன். உங்கள் சந்தில் புருஷன் மாதிரி இருக்கிற பாபுவிடம் உறையை நீட்டினால் அவனை வாடிக்கையாளன் ஆக்கியதாக அர்த்தம். வீடு வீடாக உறை கொடுத்துவரும் உங்களுக்கும் இது தெரியும்.

முதலில் ஒழுங்காகத்தான் இருந்தேன். இடுப்பு வலி என்று இரண்டு வாரம் அவளைத் தொடவில்லை. என் இடுப்பைப் பார்த்தால் யாரும் நம்பிவிடுவார்கள்.

அப்போதுதான் சிலிகுரியிலிருந்து அவள் தங்கை, சேர்ந்து தையல் கடை வைக்கலாம் என்று கூப்பிட்டாள். துர்கா பூஜை முடிந்ததும் இந்தத் தொழிலை விட்டுப் போகிறேன் என்றாள் ஜூதிகா.

"அப்ப நானு?"

"உனக்கென்ன, கடை நிறைய ரசகுல்லா இருக்கு. அதைக் கட்டிக்கிட்டு அழு."

நானும் சிரித்தேன். அன்றே இடுப்பு வலி போய்விட்டது.

அந்த வாரம் ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைப் புட்டியை மூடி திறக்காமல் அலமாரியில் வைத்தேன். மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். ஆனால் நான் எடையில் ஒரு கிராம்கூட மறக்காதவன். அதன்பின் புதன்கிழமையும் போக ஆரம்பித்தேன். இந்த வயதில் இவ்வளவு ஆசையா என்று சந்தே கேலி செய்தது.

ஒருமுறை கேட்டாள். "ரத்தம் குடுத்தியே, என்ன சொன்னாங்க?"

சர்க்கரை என்றேன். அடுத்த முறை போனபோது பாகற்காய் வறுத்து வைத்திருந்தாள்.

மூன்று மாதம் கழித்து, உங்கள் சங்கத்தின் ரத்தப் பரிசோதனை முகாமில் அவளுக்கும் இருக்கிறது என்று முடிவு வந்தது. அன்று மாலை புட்டியைத் திறந்து என் முதல் மாத்திரையைப் போட்டேன். வேண்டுமென்றேதான் செய்தேன், அக்கா. இந்த உடம்போடு ஊர் மாற மாட்டாள், இருவரும் ஒன்றாக மருந்து வாங்கப் போகலாம் என்று நினைத்தேன்.

இப்போதும் சிலிகுரிக்கே போகிறாளாம். அங்கேயும் அதே மாத்திரை கிடைக்குமாம். நான்கு நாளாக எனக்குக் கதவு திறக்கவில்லை. நீங்கள் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள். அவளை அக்கறையாகப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?