கடைசி மேட்சில் ஜெயித்தவர்கள்

கிள்ளான் ஊருக்குப் போகும் ரயிலில், மூன்றாம் வகுப்புப் பெட்டியில், எனக்கு எதிரே இருந்த இளைஞன் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னான்: "நேத்து ஜெயிச்சுட்டோம் அண்ணே. இப்ப என்ன செய்யறதுன்னே தெரியல."

"கால்பந்தாட்டத்துல ஜெயிச்சதுக்கா இந்த மூஞ்சி?"

"ரெண்டாம் டிவிஷன்ல இந்த வருசம் அதுக்கு முந்தி எல்லா மேட்சும் தோத்தோம். கடைசி மேட்ச் முடிஞ்சதும் கிளப்பைக் கலைச்சிடலாம்னு முடிவு பண்ணியிருந்தோம். அந்த மேட்ச்ல போய் ஜெயிச்சுட்டோம்."

"அப்போ கலைச்சாச்சா?"

"அதைச் சொல்லத்தான் கேப்டன் எழுந்தாரு. அழுதுட்டு உக்காந்துட்டாரு. எல்லாரும் அப்படியே வீட்டுக்குப் போயிட்டோம்."

"கிளப்பு இருக்கா, இல்லையா?"

"தெரியலண்ணே. இன்னிக்குப் பயிற்சின்னு யாரும் சொல்லல. நான் சும்மா திடலைப் பார்த்துட்டு வரலாம்னு போறேன்."

கிள்ளானில் அவன் இறங்கினான். அடுத்த பெட்டியிலிருந்து பூட்ஸைத் தோளில் தொங்கவிட்டபடி மூன்று பேர் இறங்கினார்கள். நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துத் திகைத்து நின்றார்கள்.