கட்டாமைக்குப் போட்ட லைன்

— பல்பை மூலைக்குத் தள்ளிட்டயே அய்யூப்பு. நடுவுல தொங்குனாத்தான நம்ம பாப்பாவோட புது ஆமைக்குப் பொட்டி பூராச் சூடாகும்?

— பூராச் சூடாகக் கூடாதுங்க வேலாத்தாக்கா. போன வருசம் அதைத்தான் நான் தப்பாப் பண்ணிப்போட்டேன். கோழிப்பண்ணையில குஞ்சுக்குப் போடற மாதிரியே நட்டநடுவுல பல்பு, ராப்பகலா எரியற மாதிரி. இது தரையிலயே திரியற கட்டாமைங்க. சூடு வேணும்னா இந்தப் பக்கம் வரும், போதும்னா அந்தக் கோடிக்கு நகந்துரும். அதுக்குத்தான் அங்க ஒடைஞ்ச பானையக் கவுத்திருக்கறேன்.

— அப்ப ராத்திரிக்கு?

— வெளிச்சம் இருந்தா அதுக்குத் தூக்கம் வராதுங்க. மண்சட்டிக்குள்ள ஒரு பல்பு வெச்சிருக்கறேன். சூடு வரும், வெளிச்சம் வராது. ஆனா எத்தனை பல்பு போட்டாலும் காலையில ஒரு மணி நேரம் வெயில்ல உடோணுமுங்க. இல்லீன்னா ஓடு மெத்துனு ஆயிருமாம். பல்லடத்துல மாட்டு டாக்டரு சொன்னாரு.

— ஆமைக்காக டாக்டரு வரைக்கும் போனயா?

— பழைய ஆமை செத்ததுக்கு அப்பறம் போனனுங்க. மனசு கேக்குல.

— ம்ம். மெத்தையாட்ட இருக்கட்டும்னு பனியன் துணி வேஸ்டு ரெண்டு மூட்டை எடுத்து வெச்சேன் பாரு.

— அது வேண்டாமுங்க, பல்புச் சூட்டுல தீப்புடிச்சுக்கும். செம்மண்ணு கொட்டுனாப் போதும். அண்ணன் ஊட்டுல இல்லீங்களா?

— சோமனூர்ல ஒரு கண்ணாலம். சாயந்தரந்தான் வருவாரு.

— அதனாலதான் இன்னிக்கு வரச் சொன்னீங்களாக்கு.

— அவரு இருக்கறப்ப உன்னைய எப்படிக் கூப்புடுவேன் தம்பி? அத்தனை டெய்லருக முன்னால பேசுன பேச்சா அது. உன்ற ஒயரிங்கை நம்பி ஒரு ஆமையக்கூட உட முடியாது, இனிமே இந்தக் கம்பெனி வாசப்படி மிதிக்காதேன்னு.

— முதலிபாளையம் எஸ்டேட்டு வரைக்கும் போச்சுங்க அந்தப் பேச்சு. ஆமைக்காரன்னே எனக்குப் பேரு வெச்சுட்டாங்க. இப்பப் பழகிருச்சு.

— சிரிச்சுக்கிட்டே சொல்லாத.

— உடுங்க்கா. அந்த டெஸ்டரச் சித்தே எடுத்துக் குடுங்க.

— இந்தா. ஏன் தம்பி, பிளக்கே வெக்கலியா?

— இல்லீங்க. மெயின்ல இருந்து நேரா லைன் இழுத்துட்டேன். சுவிட்சு மட்டும் பாப்பா கைக்கு எட்டற ஒசரத்துல வெச்சிருக்கறேன். புடுங்கறதுக்குன்னு ஒண்ணும் இல்லீங்க.

— புடுங்கறதுக்குன்னு ஏன் சொன்ன?

— சும்மா சொன்னனுங்க.

— என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

— ஸ்க்ரூ முடுக்கிட்டு இருக்கறனுங்க்கா.

— அதைக் கீழ வெய்யி. வெச்சுட்டு நாஞ் சொல்றதக் கேளு. உன்ற ஒயரிங்ல ஒரு கொறையும் இல்ல தம்பி. போன மார்கழியில ஜெர்மனி ஆர்டரு போச்சே, அன்னிக்கு லாரி வாசல்லயே நிக்குது. அயனுக்குப் பீசு மலையாட்டக் குமிஞ்சு கெடக்குது. நாலாவது அயன்பொட்டிக்குப் பிளக்குப் பாயிண்டு இல்ல. ஆமைப் பல்பைப் புடுங்கிப்போட்டு அதுல மாட்டிட்டேன். ஒரு மணி நேரத்துல திருப்பி மாட்டிக்கலாம்னுதான். பாப்பாவ அரைப்பரீட்சை லீவுக்கு மடத்துக்குளம் பஸ் ஏத்தி உட்டேன், லாரியும் போச்சு, வந்து படுத்தவதான். ரெண்டு நாளு ஒடம்பே என்ற ஒடம்பா இல்ல. வெளிய அந்தப் பனி. மூணாம் நாளு பாப்பா திரும்பி வந்ததுக்கு அப்பறந்தான் நெனப்பே வந்துது.

— ம்.

— ஓடிப்போய்ப் பாத்தா, கழுத்தை நீட்டிக்கிட்டுச் சில்லுனு கெடக்குது. பாப்பா பக்கத்துல குந்தியிருக்குது. ஆனாப் பல்பு எரியுது. ஆரோ அயன்பொட்டியக் கழட்டிட்டு மாட்டியிருப்பாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். லூஸ் கனெக்சன், உட்டு உட்டு எரிஞ்சிருக்குதுன்னு அவரே முடிவு கட்டிட்டாரு. உன்னையக் கூப்புட்டு வெச்சு வைய்யறாரு. நான் ஜன்னலோரத்துல நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். வாயத் தொறக்குல.

— அழுகாதீங்க்கா.

— ஒரு வருசமா இந்தச் சோறு எனக்கு எறங்குல தம்பி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன்ற பேரு கெட்டிருக்காது. இன்னிக்கு அவரு வந்ததும் சொல்லீர்றேன். அதே டெய்லருகளக் கூப்புட்டு வெச்சே சொல்லீர்றேன்.

— வேண்டாமுங்க.

— ஏன்? அவரு என்னைய வைவாருன்னா? வையட்டும்.

— நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியோணும்னு இல்லீங்க்கா. எனக்கு அன்னிக்கே தெரியும்.

— தெரியுமா? தெரிஞ்சுமா தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்ன? பிளக்குத்தான் மாட்டியிருந்துச்சே, உனக்கு எப்படி?

— பாப்பா திரும்பி வந்த அன்னிக்குக் காலையில நிட்டிங் மெசின் மோட்டாருப் பாக்க வந்தவன், உங்களுக்கு முந்தியே ஆமைப் பொட்டிகிட்டப் போயிட்டனுங்க. அப்ப அந்தப் பிளக்குத் தரையிலதான் கெடந்துச்சு.

— அப்பறம் ஆரு மாட்டுனது? நீயா?

— இல்லீங்க்கா, பாப்பா. மாட்டிப்போட்டு என்ற கையக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு, ‘பஸ்ஸுக்குக் கெளம்பறப்ப அம்மா புடுங்குனதை நான் பாத்தனுங்கண்ணா, திருப்பி மாட்டிரும்னு நெனச்சுட்டுப் போயிட்டேன், அப்பாகிட்டயும் சொல்லாதீங்க, எனக்குத் தெரியும்னு அம்மாகிட்டயும் சொல்லாதீங்க’ன்னுச்சு.