லாரி வகுப்பில் ஓர் இடம்

— கோவிச்சுக்காதீங்க கெதின், விதிப்படி கேட்டுத்தான் ஆகணும். இதுவரைக்கும் என்ன வேலை பாத்தீங்க?

— அட, எய்ர்லிஸ்! உங்க தலைக்கு மேல, மாடியில, பதினெட்டு வருஷமா நான் என்ன பாத்தேன்னு உங்களுக்குத் தெரியாதா?

— தெரியும். ஆனாலும் வேலை போறவங்க வாயால சொல்லி, ஆலோசகர் எழுதிக்கணுமாம்.

— சரி, எழுதிக்கங்க. தொழில் வளர்ச்சி வாரியம். ஆலை வைக்க வர்றவங்களுக்கு இந்தப் பள்ளத்தாக்கைச் சுத்திக் காட்டற வேலை. கொரியாக்காரங்களைக் கூட்டிட்டு வந்து மலையைக் காட்டினேன். மழையில மலையே தெரியல.

— அப்படிச் சொல்லாதீங்க. ரெண்டு ஆலை வந்துச்சே.

— ரெண்டும் போலந்துக்குப் போயிடுச்சே. அட, விடுங்க. தலைநகர் கார்டிஃப்ல அமைச்சர் ஒரே போடா போட்டுட்டாரு. எங்க வளர்ச்சி வாரியம், உங்க பயிற்சி வாரியம், ரெண்டையும் கலைச்சு அமைச்சகத்துக்குள்ள சேத்தாச்சு. ரெண்டு பேர் வேலைய இனி ஒருத்தர் செய்வாராம். அந்த ஒருத்தர் நான் இல்ல.

— ஒரு வெல்ஷ் கேக் எடுத்துக்கங்க. நானே சுட்டது.

— கேக் வேணாம், லாரி வகுப்புல இடம் வேணும். பெரிய வண்டி லைசென்ஸ் இருந்தா பால் கம்பெனியில சேத்துக்கறோம்னாங்க. இந்த ஐம்பத்தாறு வயசுல வேற எவன் கூப்பிடுவான்? வாரியம் நடத்தற கடைசி வகுப்பு, ஒரே ஒரு இடம் பாக்கின்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க?

— சொன்னேன்... கணக்கு வேலைக்கும் ஒரு பயிற்சி இருக்கு. தயவுசெஞ்சு யோசிச்சுப் பாருங்களேன்.

— என் கணக்கு என்னைக்கு சரியா வந்திருக்கு?

— இல்ல கெதின், விடியறதுக்கு முன்னாடியே எந்திரிக்கணும். பனியில மலைப்பாதை. டேங்கர்ல பாதிப் பால் இருந்தா, வளைவுல அது புரண்டு வண்டியையே தள்ளுமாம்.

— அட, இதெல்லாம் எப்படித் தெரியும் உங்களுக்கு?

— விசாரிச்சேன்.

— எனக்காகவா? மாடியில இருந்த நாங்க உங்களை மனுஷங்களாவே மதிச்சதில்ல. இருந்தும் நீங்க... எய்ர்லிஸ், வீட்டை வித்துட்டு அவ தங்கச்சியோட போய் இருக்கலாம்னு என் பொண்டாட்டி மேகன் சொல்றா. இந்த இடம் மட்டும் கிடைச்சிட்டா விக்க வேணாம்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

— கோவிச்சுக்காதீங்க கெதின். அந்த இடம் போயிடுச்சு.

— நேத்து இருந்துச்சே! யாருக்குப் போச்சு? அமைச்சர் மச்சானுக்கா?

— வேலை போற இன்னொருத்தருக்கு. இன்னைக்குக் காலையில, அலுவலகம் திறந்ததும்.

— அந்த ஆளுகிட்டயும் பனி, வளைவு எல்லாம் சொன்னீங்களா?

— எல்லாம் சொல்லிப் பாத்தேன். கேக்கல.

— இப்படி அவசரமா தூக்கிக் குடுத்த ஆலோசகர் யாரு? ஆளைச் சொல்லுங்க, நேரா போய்க் கேக்கறேன்.

— எங்கயும் போக வேணாம் கெதின். அந்த இன்னொருத்தி நான்தான். ஆலோசகர்னு எனக்கு ஒதுக்கினதும் என்னையேதான்.