உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது

பிறர் மெல்லும் சத்தம் எனக்கு ஆகாது. அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத்தான் சாப்பிடுவேன். இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், சுத்தம் பார்க்கிற ஆள் என்று தெரியட்டும்.

நான் செய்தது ஒரு ஃபிரேம்வொர்க். வீடு கட்டுகிறவனுக்குத் தூணும் உத்தரமும் தயாராகக் கிடைப்பதுபோல, இணையச் சேவை நடத்துகிறவர்களுக்கு அது. நிரலைத் திறந்தே வைத்தேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், இலவசம். இலவசம் என்றதும் ஒரு கூட்டம் வரும் பாருங்கள். நன்றி சொல்ல வாய் வராது, "ஏன் இன்னும் சரிசெய்யலை?" என்று அதட்ட மட்டும் வரும். பிறகு மாநாடுகள். லேப்டாப் மூடியே தெரியாதபடி ஸ்டிக்கர் ஒட்டியவர்கள், ஆறிப்போன காபி நாறும் வாயோடு நெருங்கி வந்து, உலகத்தையே மாற்றிக்கொண்டிருப்பதாகச் சொல்வார்கள். குமட்டும். அவர்கள்தான் எந்த ஃபிரேம்வொர்க் சீக்கிரம் பதில் தருகிறது என்று தரவரிசை போடுவார்கள். என்னுடையது எப்போதும் இரண்டாவது.

அதை முதலிடத்துக்குக் கொண்டுவர நான் செய்தது சின்ன விஷயம். வந்த தகவலைப் பத்திரமாகச் சேமித்த பிறகு "கிடைத்தது" என்று பதில் சொல்வதுதான் முறை. நான் பதிலை முதலில் சொல்ல வைத்தேன். சேமிப்பது பின்னால் நடக்கும். இடையில் கணினி படுத்துவிட்டால் தகவல் போய்விடும், வாஸ்தவம்தான். எத்தனை அலுவலகங்கள் இந்த முறையில்தான் நடக்கின்றன, அவற்றின் மேலாளர்களை யாரும் விசாரிப்பதில்லை.

என் மனைவியின் தம்பியும் என்னோடு சேர்ந்து அதைப் பராமரித்தான். கண்டுபிடித்துவிட்டான்.

"மாமா, இது பச்சைப் பொய்."

"பொய் இல்லடா, நம்பிக்கை. எப்படியும் சேமிக்கத்தானே போகுது?"

"ஆம்புலன்ஸ்காரங்க அவங்க செயலிக்கு நம்மளதத்தான் போட்டிருக்காங்க. அவங்களுக்காவது சொல்லுங்க."

"போடுங்கன்னு நான் போய் அவங்க காலைப் பிடிச்சேனா?"

நிரலில் கைவைக்கும் உரிமையை அன்றே அவனிடமிருந்து பிடுங்கிவிட்டேன். குடும்பம் வேறு, தொழில் வேறு. அவன் ஆம்புலன்ஸ்காரர்களிடம் தானே போய்ச் சொல்ல, அவர்கள் என்னைக் கேட்டார்கள். மச்சினனுக்கு என்மேல் கொஞ்சம் வயிற்றெரிச்சல் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவைத்தேன். நம்பினார்கள்.

முதலிடம் வந்தது. மாநாட்டில் பேசக் கூப்பிட்டார்கள். மேடைக்குப் பின்னால் நிற்கும்போது மச்சினன் போன் செய்தான்.

"மாமா, ஆம்புலன்ஸ்காரங்க மெஷின் காலையிலேர்ந்து விழுந்து விழுந்து எந்திரிக்குது. வர்ற அழைப்பெல்லாம் காணாமப் போகுது. சேமிச்சுட்டுப் பதில் சொல்ற மாதிரி ஒரே ஒரு வரிய மாத்தினாப் போதும். நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

"பேசி முடிச்சுட்டுப் பாக்கறேன்."

வேகத்தைப் பற்றிப் பேசப்போகிறவன், அதே வாயால் நிதானமாகப் போங்கள் என்று சொல்வதா?

அவன் வைத்ததும் என் மனைவி. அவள் அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் செயலியில் பதிவுசெய்துவிட்டாள்.

"'உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது'ன்னு வந்துச்சுங்க, வண்டியத்தான் காணோம். பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்துட்டு நிக்கறார். அதுலயே கூட்டிட்டுப் போயிடவா?"

கார் உறுமுவது கேட்டது. மாமனார் மூச்சிழுப்பதும் கேட்டது. சளியும் காற்றுமாக ஓர் அருவருப்பான சத்தம். போய்விடு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன், உங்களுடையதுதானே, நம்பக்கூடாதா என்று கேட்பாள். அது தம்பி காதுக்குப் போகும். அதற்குள் மேடையில் என்னை அறிமுகம் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஏத்துக்கிட்டதா வந்துட்டா வண்டி வந்துடும். அது நான் எழுதினது. நீயா எதுலயும் ஏத்தாத" என்றேன்.

"சரிங்க" என்றாள். கார் எஞ்சின் அணைந்தது. நான் போனை அணைத்துவிட்டு மேடையேறினேன். கைதட்டல் நன்றாகவே இருந்தது.

அவர் மூச்சு அடங்கும்வரை அவள் வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டிருந்தாளாம்.

வண்டி வராது என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். தெரிந்துதான் சொன்னேன். ஆனால் அதற்காகக் கொலை கிலை என்று பெரிய வார்த்தைகள் வேண்டாம். என் மென்பொருளை நீங்களே சோதித்துப் பாருங்கள். அன்று முழுக்க ஒரு பிழைகூடப் பதிவாகவில்லை.