கோடையைக் கெடுத்த வேம்பு

கையெழுத்துகூடச் சரியாகப் போடத் தெரியாத நான், ஒற்றை மாட்டுவண்டியோடு தொடங்கி, ராஜபாளையத்தில் செங்கல் காளவாசல் போட்டேன், மாடி வீடு கட்டினேன், பாறைதான் வரும் என்று ஊரே சிரித்த இடத்தில் கிணறும் வெட்டினேன். அப்படிப்பட்டவன் நேற்று ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் வாய் திறக்காமல் வந்தேன். முன் சீட்டில் இரண்டு சம்பந்தியம்மாக்கள்; ஒருத்தி எங்கள் ஊர்க்காரி, பெண்ணைப் பெற்றவள்.

“இந்த வருசம் உங்க ஊர்க் கோடை படுமோசம் மதினி,” என்றாள் மாப்பிள்ளையைப் பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. “சீரோட நீங்க குடுத்த வடகம் எண்ணெயில பொரியவே இல்ல. உங்க மகளைத்தான் எல்லாரும் கேலி பேசுதாவ.”

“வெயில் அடிச்சாத்தான மதினி காயும்?”

“எங்க ஊர்ல ஒரே பகல்ல கலகலன்னு காஞ்சுதே!”

“எங்க மேலத்தெருவுல வேம்பு வரிசையா நின்னு வெயில மறைக்குதுல்லா?”

“அம்புட்டு வேம்பையும் எவன் வெச்சான்?”

“எவனும் வெக்கல. காக்கா போட்ட கொட்டையில மொளைச்சது.”

காக்கையாம்! எந்தக் காக்கை வரிசை பிடித்துக் கொட்டை போடும்? மேலத்தெருவில் குழி தோண்டி, வெள்ளாடு கடிக்காமல் முள் கட்டி, அத்தனை வேம்பையும் வளர்த்தவன் நான். வடகம் பொரியாதவர்கள் இனிமேல் என் பெயரைச் சொல்லித்தான் திட்ட வேண்டும்.