கிணற்றைக் கண்டுபிடித்தவர்

மொன்ட்ரியாலில் எல்லோரும் வடக்கு என்று கை காட்டுவது உண்மையில் வடக்கு அல்ல. ஆற்றை வைத்துத் திசை சொல்லிப் பழகிய ஊர் இது. பழைய வரைபடத்தை இன்றைய வரைபடத்தின் மேல் வைத்துப் பார்ப்பவர் முதலில் அந்தக் கோணலைச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் காலத்துத் தேவாலயம் இந்தக் காலத்துக் காபிக்கடையின் கழிப்பறைக்குள் போய் நிற்கும்.

மேடம் யோசெப்பின், நீங்கள் விசாரணை அதிகாரி. இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். என்னுடைய பிரெஞ்சு கடையில் பாண் வாங்கப் போதும், குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போதாது. அதனால்தான் மொழிபெயர்க்கச் சிவாஜினியைக் கேட்டேன்.

என் பெயர் சண்முகலிங்கம். வீடு நகரின் மேற்கே கர்க்லாண்டில். வேலையிலிருந்து ஓய்வுபெற்றால் எங்கள் ஆட்கள் கோயில் நிர்வாகத்தில் சேர்ந்து சண்டை பிடிப்பார்கள். நான் பழைய வரைபடங்களைப் பார்க்கத் தொடங்கினேன். தோணித்துறை எங்கே இருந்தது, சந்தைக்கு எந்த வழியால் போனார்கள் என்று அவற்றில் தெரியும். ஆட்கள் கூடிய இடத்தில்தான் ஏதாவது தவறி விழுந்திருக்கும்.

அஹுன்ட்சிக் பகுதியில் இருந்த டினோஜனிடம் உலோகம் தேடும் கருவி இருந்தது. நான் இடம் சொல்வேன். அவன் கருவியை ஆட்டிக்கொண்டு நடப்பான். அது கத்தினால் தோண்டுவான். எங்கே போனாலும் அனுமதி வாங்கித்தான் போவோம். நாங்கள் சட்டத்தை மதிப்பவர்கள்.

ஒரு தடவை, நான் காட்டிய ஆற்றங்கரையில் வெள்ளிச் சிலுவை ஒன்று கிடைத்தது. டினோஜன் அதைக் காணொளியாகப் போட்டான். "என்ரை மெஷினுக்கு மூக்கு இருக்கு" என்றான். பிறகு கமராவை என் பக்கம் திருப்பினான். "இவர் சண்முகம் அண்ணை. என்ரை டிரைவர்."

"என்ரை வரைபடத்தைப் பற்றியும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"பேப்பரைக் காட்டினா ஆர் அண்ணை பாப்பினம்?"

அவன் கேட்டது நியாயம். எனக்குக் கோபமே வரவில்லை. சிவாஜினி, இதைப் பிழையில்லாமல் மொழிபெயருங்கள்.

அந்த இலையுதிர்காலத்தில் இன்னொரு வரைபடத்தில் ஒரு பண்ணைவீட்டையும் அதன் பக்கத்தில் சின்ன வட்டத்தையும் கண்டேன். வட்டம் என்றால் கிணறு. இன்று அங்கே வெறும் மரங்கள். தனியாகப் போய்ப் பார்த்தேன். என் கணிப்பு கொஞ்சமும் பிசகவில்லை. யாரோ தடித்த பலகைகளால் மூடி, மேலே மண் போட்டிருந்தார்கள். எவ்வளவு ஆழம் என்று பார்க்க அவற்றை அகற்றினேன். திறந்த கிணற்றை அப்படியே விடுவது ஆபத்து. அதனால் மெல்லிய ஒட்டுப்பலகை ஒன்றை மேலே போட்டு, மேப்பிள் சருகுகளைப் பரப்பினேன். நடுவில் ஓர் இரும்புச் சங்கிலியையும் வைத்தேன். அடியில் ஏதாவது இருந்தால்தானே கருவி கத்தும்.

ஞாயிறு காலை அவனை நானே காரில் கூட்டிக்கொண்டு போனேன். டிரைவர் அல்லவா.

"அண்ணை, இஞ்சை ஒண்டும் இல்லை."

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் போ."

கருவி கத்தியது. "பெருசா ஏதோ கிடக்கு அண்ணை" என்றான். அந்த நேரத்தில் அவன் மிகவும் சந்தோஷமாக இருந்தான். அதை நினைக்க எனக்கு ஆறுதல்.

ஒட்டுப்பலகை முறிந்து அவன் விழுந்த பிறகும் கருவி கீழே கத்திக்கொண்டிருந்தது. அவனும் கூப்பிட்டான். "கால் முறிஞ்சு போச்சு அண்ணை. ஆரையாவது கூட்டிக்கொண்டு வாங்கோ."

"ஓம், வாறன்" என்றேன்.

வழியில் ஒரு தெப்பனரில், அதுதான் தெருமுனைப் பெட்டிக்கடையில், காபி வாங்கினேன். பழக்கதோசத்தில் இரண்டு வாங்கிவிட்டேன்.

பின்னேரம் அவன் மனைவி சாருஜா தொலைபேசியில் அழைத்தாள். "டினோஜன் உங்களோடையோ அண்ணை?"

"இல்லைப் பிள்ளை. இண்டைக்குத் தனியத்தான் போறன் எண்டவன்."

தேடப் போனவர்களுக்கு நானே வரைபடம் வரைந்து கொடுத்தேன். அது ஆற்றின் மறுகரையைக் காட்டியது. அத்தனை பேர் சுற்றி நின்று என் வரைபடத்தை அப்படி உற்றுப் பார்த்தது அன்றுதான். சாருஜா என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

சிவாஜினிக்குக் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

பனி கரைந்ததும் யாரோ உலாத்தக் கூட்டிவந்த நாய் கிணற்றடியில் நின்று குரைத்தது. நீங்கள் விபத்து என்று எழுதினீர்கள். நல்ல முடிவுதான், நான் குறுக்கே வரவில்லை. அப்படியே விட்டிருப்பேன். ஆனால் நேற்றுத் தொலைக்காட்சியில் என்ன சொன்னார்கள் என்று கேட்டீர்களா? யாருக்கும் தெரியாமலிருந்த பழைய கிணற்றைக் கண்டுபிடித்த தமிழர் என்று டினோஜனைச் சொன்னார்கள். அங்கே அவன் பெயரில் நினைவுப்பலகை வைக்கப்போகிறார்களாம்.

வரலாற்றில் இப்படிப் பிழைகள் வரக் கூடாது, மேடம். தயவுசெய்து திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். அவன் அதற்குள் விழுந்தான், அவ்வளவுதான். கண்டுபிடித்தது நான்.