காந்தத்தை எடுத்தாச்சா

ஐயா, நீங்கள் விசாரிக்க வந்திருக்கும் அந்த அறையைப் பெருக்குவது சுலபம். தூசி ஆகாது என்று பொத்திப் பொத்தி வைத்திருப்பதால் குப்பையே சேராது. நான் சிலிண்டர் உருட்டுவேன், பம்புக்கு எண்ணெய் ஊற்றுவேன். தலை நரைத்த பிறகு எழுத்துக் கூட்டப் பழகியவன். முதன்முதலாக முழுதாகப் படித்தது அந்தக் கதவுப் பலகையைத்தான்: ‘கண்ணுக்குத் தெரியாத லேசர்.’

அங்கே டெக்னீஷியன் என் மாப்பிள்ளை. வாயுவில் மின்சாரம் பாய்ச்சிக் கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த துண்டுகளை உண்டாக்கி, அவை லேசரில் எதை விழுங்குகின்றன என்று பார்ப்பார்கள்.

“அதுங்களால தனியா இருக்க முடியாது மாமா. கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள எதையாவது கட்டிப் பிடிச்சுக்கும். உங்கள மாதிரின்னு வைங்களேன்” என்று சிரிப்பான். நானும் சிரிப்பேன்.

அவனுக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்தது. என் மகளையும் கூட்டிப்போவதாகச் சொன்னான். “நீங்க ஒண்டி ஆளு, எப்படியும் பொழுது ஓடிடும்.” அவள் அம்மா போன பிறகு வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை அவள் ஒருத்திதான். அவன் அதை யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

கதவைத் திறந்தால் லேசர் தானாக நின்றுவிடும். மறுபடி நிலைக்கு வர அரை நாள் பிடிக்கும். அதனால் ஆராய்ச்சி செய்யும் பெண் கதவு சுவிட்சில் ஒரு காந்தத்தை ஒட்டிவிடுவாள். கதவு சாத்தித்தான் இருக்கிறது என்று கருவி நம்பிக்கொள்ளும். வேலை முடிந்ததும் அதை எடுப்பது என் பொறுப்பு. அன்று எடுக்கவில்லை.

“மாமா, காந்தத்த எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சு மாப்ள.”

கதவு திறந்து கிடந்ததால் லேசர் நின்றுவிட்டது என்று நம்பி, பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி ஆணியில் மாட்டினான். லேசர் வரும் குழாய் முனையில் அழுக்கு இருக்கிறதா என்று குனிந்து வலக்கண்ணை வைத்தான். அந்த ஒளி வலிக்காது ஐயா. “என்னது, மங்கலாத் தெரியுது” என்று கண்ணைக் கசக்கினான்.

ஒரு கண் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். இடக்கண்ணை வைக்கக் குனிந்தான். கூப்பிட நேரம் இருந்தது. ஒரு கண் மிச்சமிருந்தாலும் வேறு வேலை தேடிக்கொண்டு கிளம்பிவிடுவான் என்று தோன்றியது. பெருக்கிக்கொண்டிருந்தேன்.

காந்தம் ஒட்டிய அந்த ஆராய்ச்சிப் பெண்ணை விட்டுவிடுங்கள்.

மகள் என்னோடுதான் இருக்கிறாள். வேலைக்குப் போய் வருகிறாள். பேச அவளுக்குத் தெம்பில்லை. சாயங்காலம் மாப்பிள்ளை கேட்பான், “மாமா, லைட்டு போட்டாச்சா?”

“போட்டாச்சு மாப்ள” என்பேன். போட்டிருக்க மாட்டேன். இருட்டில் உட்கார்ந்திருப்போம்.

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அன்று அவனிடம் நான் சொன்ன பொய் காந்தத்தைப் பற்றிய அந்த ஒன்றுதான்.